வேலிகாத்தான் கட்டை வேலைக்கு ஆகுமா?

சென்ற இதழில் வேப்பம்பலகையைப் பற்றி எழுதும்போது, "வேலிகாத்தானைக்கூட முழுதாக ஒதுக்கிவிட வேண்டியதில்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வேம்புக்கு வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரிக்கு வந்தவை அதிகம். அவற்றிலும் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்தவை. பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் கொசஸ்தலையாற்றின் ஓரத்திலும் ரயில் பாதை நெடுகிலும் அந்த முள்மரத்தை நாள்தோறும் பார்த்துக்கொண்டே போகிறவர்கள் கேட்பதில் வியப்பில்லை. ஆகவே இம்முறை பக்கம் முழுவதும் அந்த மரத்துக்கே.

எங்கள் காலி மனையைச் சுத்தம் செய்தபோது தொடைப் பருமனுள்ள இரண்டு வேலிகாத்தான் மரங்களை வெட்டினோம். ஒரு பெஞ்சும் ஓர் அலமாரியும் செய்யலாமா என்று ஆசாரியைக் கேட்டதற்கு, "விறகுக்குப் போடுங்கள் ஐயா" என்று சிரித்துவிட்டார். அவர் சொல்வது சரிதானா?
*ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி, எர்ணாவூர்*

அலமாரியைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. பெஞ்சைப் பொறுத்தவரை அவர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்.

முதலில் உங்கள் மரம் எது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். வேலிகாத்தான் என்று நம் பக்கத்தில் சொல்லும் சீமைக்கருவேலத்தையும், ஏரும் வண்டிச் சக்கரமும் செய்யப் பயன்பட்ட நம் நாட்டுக் கருவேலத்தையும் பலர் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் நிறத்தில் உருண்டையாக இருக்கும். காய், மணி கோத்தது போல விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளத்துக்குச் சரமாகத் தொங்கும். காய் தட்டையாக, முற்றினால் மஞ்சளாக, சற்றே வளைந்திருக்கும். உங்களுடையது நாட்டுக் கருவேலமாக இருந்தால் விறகுக்குப் போடச் சொன்னவரிடம் நீங்களே சிரித்துவிட்டு வரலாம்.

இனி, சீமைக்கருவேலம் என்றே கொள்வோம். அதன் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மேசைக்கும் தரைக்கும் தேடி வாங்கப்படுகிறது. அர்ஜென்டினாவில் அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு மரத்தில் கதவும் தரைக்கட்டைகளும் செய்கிறார்கள். ஆகவே மரத்தின் சாதியில் குறையில்லை. மெஸ்கீட்டுக்கு அளந்து வைத்திருக்கும் எண்களைத் தேக்கின் எண்களோடு ஒப்பிட்டால் நம் ஆசாரிகளே வியப்பார்கள். மரத்தின் கடினத்தை அளக்க 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டைப் பலகையில் பாதி அளவுக்கு அமுக்கி, அதற்கு எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று பார்ப்பார்கள். தேக்குக்குச் சுமார் 1,070 பவுண்டு விசை போதும். மெஸ்கீட்டுக்குச் சுமார் 2,340 தேவைப்படுகிறது. எடையிலும் அப்படியே. தேக்கு ஒரு கன அடி 18 கிலோ அளவில் நிற்கும். இது காய்ந்த பிறகும் 22, 23 கிலோவுக்குக் குறையாது.

ஆனால் கடினத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இதன் சுருக்கம். 10 அங்குல அகலமுள்ள பச்சைத் தேக்குப் பலகை முழுவதும் உலரும்போது அகலத்தில் ஏறத்தாழ அரை அங்குலத்தை இழந்துவிடும். மெஸ்கீட் இழப்பது ஏறக்குறைய அதில் பாதிதான். வடகிழக்குப் பருவமழையில் ஊதி, சித்திரையில் சுருங்கும் சென்னைக் காற்றில், சட்டமும், அதன் துளையில் செருகும் கழுந்தும் பிடி தளராமல் நிற்க வேண்டுமானால் இதைவிட நல்ல குணம் ஒரு மரத்துக்கு வேண்டியதில்லை. நன்கு முற்றிய கட்டையை இழைத்துப் பார்த்தால் முதலில் மஞ்சள் கலந்த பழுப்பாகத் தெரியும். வெளிச்சம் பட்டுச் சில வாரங்களில் அதுவே செம்பழுப்பாக மாறி, பழைய பர்மாத் தேக்கு நாற்காலியின் கைப்பிடியைப் போல ஆழ்ந்து நிற்கும்.

இத்தனை நல்ல மரத்தை ஏன் விறகாக்குகிறார்கள் என்றால், அதன் உடம்பில் நேர்க்கோடு என்பதே இல்லை. அடியிலிருந்தே மூன்று நான்கு கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் முழத்துக்கு முழம் திசை மாறும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 அங்குல விட்டமும் 3 அடி நீளமும் உள்ள, கோணலில்லாத ஒரு துண்டு உங்களுக்குக் கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அதன் கன அளவு ஒரு கன அடிக்குச் சற்று மேல். சுற்றிலும் ஓர் அங்குலம் வெளிறு, அதாவது வைரம் ஏறாத வெளிர் மஞ்சள் பகுதி போனால், உள்ளே 6 அங்குல விட்டத்துக்கு முற்றிய பழுப்புப் பகுதியான வைரக்கட்டை மிஞ்சும். அந்த வட்டத்துக்குள் அடங்கும் சதுரம் பக்கத்துக்கு நாலேகால் அங்குலம். ஆக, கையில் நிற்பது மூன்றில் ஒரு பங்கு. வாள் தின்னும் தூளையும், கட்டையின் நட்டநடுவில் ஓடும் வெடிப்பையும், உள்ளே மடங்கிக் கிடக்கும் பட்டையையும் கழித்தால் நான்கில் ஒரு பங்கு கிடைத்தால் பெரிது. உங்கள் ஆசாரியின் சிரிப்புக்குப் பின்னால் இந்தக் கணக்குத்தான் இருக்கிறது. அதோடு கூலிக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. தேக்குப் பலகையில் ஒரு நாளில் முடிகிற வேலை இதில் மூன்று நாள் இழுக்கும். கூலி கொடுத்துச் செய்வதாக இருந்தால் ஓசியில் வந்த மரம் காசு கொடுத்து வாங்கிய மரத்தைவிட விலை கூடிவிடும். ஓய்வு நேரத்தில் நீங்களே செய்வதாக இருந்தால் கதை வேறு.

வாள் பட்டறைக்காரர்களும் எளிதில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். நம் பக்கத்து வேலிகாத்தானில் யாரோ எப்போதோ கொடி கட்ட அடித்த ஆணியும், வேலிக்குச் சுற்றிய கம்பியும் மரத்துக்குள்ளேயே புதைந்து கிடக்கும். ஓர் ஆணி போதும், பட்டறை வாளின் பல் போய்விட. பட்டையை உரித்து, கருநீலக் கறை தெரிகிற இடத்தை ஒதுக்கிவிட்டு எடுத்துச் செல்லுங்கள். அந்தக் கறை, இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் கூடிய அடையாளம். பெஞ்சின் கால்களுக்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் இந்த மரத்தை வைத்துக்கொண்டு, மேற்பலகைக்கு வேம்பையோ வாகையையோ வாங்குங்கள். ஒன்றரை அடி நீளத்தில் நான்கு கால்கள் உங்கள் இரண்டு மரத்திலிருந்து கட்டாயம் தேறும்.

நாங்கள் நால்வர் சேர்ந்து தெருவில் கேரம் ஆடுகிறோம். பலகையின் சட்டம் மழையில் நனைந்து உடைந்துவிட்டது. வேலிகாத்தான் கட்டையில் புதுச் சட்டம் போட்டால் காய் நன்றாக அடித்துத் திரும்புமா?
*கல்லூரி மாணவர், கொருக்குப்பேட்டை*

தம்பி, வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையது. காய் பட்டுத் திரும்புவதற்குச் சட்டம் கனமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். அந்த இரண்டும் இந்த மரத்தில் ஏராளம். சிக்கல் நீளத்தில்தான் வருகிறது.

கேரம் விதிப்படி ஆடுகளம் பக்கத்துக்கு 73.5 முதல் 74 சென்டிமீட்டர் வரை உள்ள சதுரம். சட்டத்தின் அகலம் 6.35 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 7.60ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். பலகைக்கு மேலே அதன் உயரம் 1.90 முதல் 2.54 சென்டிமீட்டர் வரை. மூலையைச் சாய்வாக அறுத்து இணைப்பதற்கு ஒவ்வொரு சட்டமும் வெளிப்பக்கத்தில் ஏறத்தாழ 87 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். அதாவது மூன்றடிக்குச் சற்றே குறைந்த நீளத்தில், இரண்டரை அங்குல அகலத்தில், வெளிறும் வெடிப்பும் இல்லாத நேரான வைரக்கட்டை நான்கு தேவை. கால்வாய்க் கரை முழுவதும் அலைந்தாலும் ஒரே மரத்தில் இது நான்கும் கிடைப்பது குதிரைக்கொம்பு. வேறு வேறு மரத்தில் எடுத்தால் ஒரு பக்கம் ஒரு மாதிரியும் இன்னொரு பக்கம் இன்னொரு மாதிரியும் காய் திரும்பும். ஆட்டம் பழகிய கைக்கு அது உடனே தெரிந்துவிடும். துண்டுகளை நீளவாக்கில் ஒட்டுப்போட்டாலும் ஒட்டு விழுந்த இடத்தில் அடி மாறும்.

நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். சட்டத்தின் வெளிப்பகுதியை நேரான வேறு ஏதாவது கெட்டி மரத்தில் செய்துகொண்டு, காய் படுகிற உட்பக்கத்துக்கு மட்டும் முக்கால் அங்குலக் கனத்தில் வேலிகாத்தான் பட்டி ஒட்டுவேன். முக்கால் அங்குலம் போதும் என்றால், சற்று வளைந்த கட்டையிலிருந்தும் மூன்றடி நேர்ப்பட்டி ஒன்றோ இரண்டோ உரித்துவிடலாம். இரண்டு பரப்பையும் சேர்த்து வைத்தால் நடுவில் ஒளி புகாதபடி இழைப்புளியால் இழைத்து, ஃபெவிகால் தடவி, அரையடிக்கு ஒன்றாகப் பிடிப்பான் போட்டு ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுங்கள். ஆணி அடிக்க வேண்டாம். துளையிடாமல் அடித்தால் ஆணிதான் மடங்கும். மடங்காமல் இறங்கினால் மரம் பிளக்கும். முதலில் ஒரு பக்கத்தைச் செய்து, பழைய சட்டத்தோடு சேர்த்துக் காயைத் தட்டிப் பாருங்கள். திருப்தியாக இருந்தால் மற்ற மூன்றையும் தொடங்கலாம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்த மரத்தில் நானே ஒரு முக்காலி செய்தேன். இப்போது காலடியில் தினமும் மாவு மாதிரி கொட்டுகிறது. கறையானா?
*ஆட்டோ ஓட்டுநர், திருவொற்றியூர்*

கறையான் இல்லை. கறையான் மண்ணால் பாதை போட்டுக்கொண்டு வரும், மாவைக் கொட்டாது. இது உளுப்பு வண்டு. அந்த மாவை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கோலமாவைவிட நைசாக இருக்கும். காலில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில், ஊசியால் குத்தியது போல வட்டமான ஓட்டைகளும் தெரியும். அந்த ஓட்டைகள் எல்லாம் வெளிர் மஞ்சள் பகுதியில்தான் இருக்கும், பழுப்புப் பகுதியில் ஒன்றுகூட இருக்காது என்று உங்கள் முக்காலியைப் பார்க்காமலே சொல்கிறேன். வெளிறில் மாவுச்சத்து உண்டு; வண்டின் புழுவுக்கு அதுதான் சோறு. வைரத்தில் அதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், இதே தவறை நானும் செய்திருக்கிறேன். தொழில் பழகிய புதிதில், பழுப்பும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற அழகில் மயங்கி, வெளிறைக் கழிக்காமல் அம்மாவுக்கு ஒரு மனைப்பலகை செய்து கொடுத்தேன். ஆறேழு மாதம் கழித்து ஒரு காலையில் அம்மா அதைத் தூக்கித் தட்டினார். தரையில் மனையின் ஓரத்தை அப்படியே வரைந்தது போல ஒரு வெள்ளைக்கோடு விழுந்தது. "கோலமாவு டப்பாவை இதிலேயே வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறதே" என்றார். மஞ்சள் ஓரம் முழுவதும் கூடாகியிருந்தது. நடுவில் இருந்த பழுப்புப் பகுதி இன்றும் என் பட்டறையில் உளி தட்டும் அடிப்பலகையாக இருக்கிறது.

உங்கள் முக்காலியில் வெளிறு காலின் ஓரத்தில் மட்டும் இருந்தால், அதைச் செதுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம். காலில் பாதியே வெளிறு என்றால் அந்தக் காலை மாற்றுங்கள். மேலே வார்னிஷ் பூசுவதால் உள்ளே இருக்கும் புழு சாகாது. புதிதாக ஏதேனும் செய்யும்போது வெளிறைத் தவிர்க்கவே முடியவில்லை என்றால், ஒரு லிட்டர் வெந்நீரில் 30 கிராம் வெங்காரமும் (போராக்ஸ்) 20 கிராம் போரிக் பவுடரும் கரைத்து, மெருகேற்றுவதற்கு முன்பே மரம் குடிக்கிற மட்டும் இரண்டு மூன்று முறை பூசிக் காயவிடுங்கள். கொருக்குப்பேட்டைத் தம்பி கேரம் பலகையில் தூவுகிற அதே போரிக் பவுடர்தான். தண்ணீர் பட்டால் இது கரைந்து போய்விடும் என்பதால் வெளியில் நனையும் பொருளுக்கு உதவாது. உணவு தொடும் பொருளுக்குப் பூசவே கூடாது.

சப்பாத்திக் கட்டை, மரக்கரண்டி செய்து விற்கலாம் என்று எங்கள் மகளிர் குழுவில் ஒரு யோசனை. எங்கள் பகுதியில் இந்த மரத்துக்குப் பஞ்சமே இல்லை.
*குழுத் தலைவி, மணலி புதுநகர்*

பொருள் நல்ல தேர்வு, அம்மா. குட்டையான பொருள், வைரக்கட்டையிலேயே முழுவதும் அடங்கிவிடும். தண்ணீரில் கழுவினாலும் அதிகம் ஊதாது. ஆனால் உங்கள் பகுதியின் மரம் வேண்டாம் என்பதே என் கருத்து. சாம்பல் குட்டை ஓரத்திலும் ஆலைக் கழிவு ஓடும் வாய்க்கால் ஓரத்திலும் பிழைத்து நிற்பது இந்த மரத்தின் திறமை. அந்த மண்ணில் உள்ள கன உலோகங்களை வேர் வழியாக உறிஞ்சிக்கொள்வதும் அதன் இயல்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி எண்ணூர்க் கழிமுகத்துச் செடிகொடிகளெல்லாம் கறுத்து நின்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட இடத்துக் கட்டையைக் கதவுக் கைப்பிடிக்கும் துணி மாட்டும் முளைக்கும் பயன்படுத்துங்கள். கொதிக்கும் குழம்பில் விடும் கரண்டிக்கு வேண்டாம். பொன்னேரிப் பக்கம் வயலோர வேலியில் வளர்ந்த மரம் கிடைத்தால் கரண்டிக்கு அதை வாங்கிக்கொள்ளலாம்.

மெருகுக்கு நல்லெண்ணெய் தடவாதீர்கள். நாளடைவில் சிக்கு நாற்றம் அடிக்கும். மருந்துக் கடையில் விற்கும் லிக்விட் பாரஃபினைச் சற்றே சூடாக்கித் தடவி, ஓர் இரவு ஊறவிட்டுத் துடைத்தால் போதும். இழைக்கும்போதும் உப்புத்தாள் தேய்க்கும்போதும் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். இதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். முள் குத்தினாலோ இடம் வீங்கி நாள்கணக்கில் வலிக்கும்.

குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் இருக்கிறேன். மொட்டை மாடியில் வெயிலில் போட்டுக் கட்டையை உலர்த்தலாமா? எவ்வளவு நாள் ஆகும்?
*தனியார் நிறுவன ஊழியர், வியாசர்பாடி*

வெயிலில் போடவே போடாதீர்கள். இரண்டே நாளில் இரு முனைகளும் வெடித்து, அந்த வெடிப்பு உள்ளே விரலளவு ஓடிவிடும். சுருக்கம் குறைந்த மரம் என்பதற்காக எந்தக் கொடுமையையும் தாங்கும் என்று பொருளில்லை.

வெட்டிய அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே, இரு முனைகளிலும் மெழுகுவர்த்தியை உருக்கியோ மீந்துபோன பெயின்டாலோ கெட்டியாகப் பூசிவிடுங்கள். பட்டையை உரித்து, வேண்டிய கனத்தைவிடக் கால் அங்குலம் கூடுதலாக அறுத்து, துண்டுக்குத் துண்டு நடுவே விரல் கனத்தில் குறுக்குச் சிம்புகளை வைத்து, காற்று போய்வருகிறபடி அடுக்குங்கள். இடம் இல்லை என்று தயங்க வேண்டாம். ஒன்றரை அடித் துண்டுகள்தானே, கட்டிலுக்கு அடியிலும் பரண் மேலும் அடங்கிவிடும். பரணில் வெப்பம் அதிகம் என்றால் முதல் மாதம் கட்டிலடியே நல்லது.

எத்தனை நாள் என்று காலண்டரைக் கேட்பதைவிடத் தராசைக் கேளுங்கள். அடுக்கில் ஒரு துண்டை எடுத்து, சமையலறைத் தராசில் நிறுத்து, அதன் மேலேயே பென்சிலால் தேதியும் எடையும் எழுதி வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை நிறுங்கள். தொடக்கத்தில் மளமளவென்று இறங்கும், பிறகு மெதுவாகும். தொடர்ந்து மூன்று நான்கு வாரம் எடை மாறாமல் நின்றால் வேலையைத் தொடங்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் எடை மறுபடி சற்று ஏறுவதைப் பார்த்துத் திகைக்காதீர்கள். மழைக்காற்றில் உள்ள ஈரத்தை மரம் வாங்கிக்கொள்கிறது, தை பிறந்தால் திருப்பிக் கொடுத்துவிடும்.

சுத்தியல் பிடி, கொட்டாப்புளி போட இது ஆகுமா?
*படகுப் பழுது பார்ப்பவர், காசிமேடு*

கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலின் தலைக்கு இதைவிட நல்ல மரம் ஓசியில் கிடைக்காது. மீன் கடைகளில் ஐஸ் கட்டி உடைக்கிற கட்டைக்கும் அப்படியே. சுத்தியல் பிடிக்கு மட்டும், நார் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அறுபடாமல் ஓடுகிற துண்டாகப் பாருங்கள். வளைந்த கட்டையிலிருந்து நேராக அறுத்த பிடி, பார்வைக்கு நேராக இருந்தாலும் உள்ளே நார் குறுக்கே அறுபட்டிருக்கும்; ஓங்கி அடிக்கும்போது அந்த இடத்தில் முறியும். படகு வேலையில் இரும்பு ஆணிக்குப் பதில் பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ போடுங்கள். உப்புக்காற்றும் இந்த மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் இரும்பைச் சுற்றிலும் மை ஊற்றியது போலக் கறுத்துவிடும்.

அழிக்க வேண்டும் என்று நீதிமன்றமே சொன்ன மரத்தை இப்படிப் புகழ்ந்தால், நாளை ஆளாளுக்கு வளர்க்கத் தொடங்கிவிட மாட்டார்களா?
*வேளாண் பட்டதாரி, மீஞ்சூர்*

1877இல் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்து, அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விறகுக்காக இதை விதைத்தவர்களும் நல்லதைத்தான் எண்ணினார்கள். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றச் சொன்னதும் எனக்குத் தெரியும். வளர்க்கச் சொல்லவில்லை, ஐயா. வெட்டி வீழ்த்திய பிறகு விறகு லாரியில் ஏறுவதற்கு முன் ஒரு தடவை கட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன். மேசைக்கும் கட்டிலுக்கும் ஆகாத இந்தக் கோணல் மரத்தை ஆசாரித் தொழிலுக்காக யாரும் நட்டு வளர்க்கப் போவதில்லை. நீர்வளத் துறைக் கரையிலும் ரயில்வே நிலத்திலும் நிற்பதைக் கேட்காமல் வெட்டுவது மட்டும் குற்றம். அதை யாருக்கும் சொல்லித் தரவில்லை.

உங்கள் கேள்வியிலேயே ஒரு நல்ல வேலையும் ஒளிந்திருக்கிறது. தரையோடு வெட்டினால் இந்த மரம் மறுபடி துளிர்த்து, முன்னைவிடப் புதராகும். ஆகவே பொக்லைன் வைத்து வேரோடு பிடுங்குகிறார்கள். அந்த அடிக்கட்டையில்தான் வைரம் மிகப் பருமனாகவும், ரேகை சுழன்று சுழன்றும் இருக்கும். கடைசல் பட்டறையில் ஏற்றினால் கிண்ணமும் விபூதி மடலும் பம்பரமும் அதில் அழகாக வரும். கொண்டு போகும் முன் இடுக்குகளில் சிக்கிய மண்ணையும் பொடிக்கல்லையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்துவிடுங்கள். இல்லையேல் முதல் சுற்றிலேயே உளியின் முனை போய்விடும். அந்தக் கடைசல்காரர் அடுத்த கட்டையை வாங்க மாட்டார்.